நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் கார் பெட்ரோல் காரைவிட மோசமானதா?

“இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், மின்சார கார் பெட்ரோல் காரைவிட அதிகக் கரியமில வாயுவை வெளியிடுகிறது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தியின் முதல் பாதி சரி, முடிவு தவறு.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பதால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 கிலோவைப் புகைக்குழாய் வழியே விடுகிறது. அதே தொலைவுக்குச் சிறிய மின்சார கார் ஒன்று, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 17 யூனிட் எடுத்துக்கொள்ளும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கரியமில வாயுவின் நாட்டுச் சராசரி 0.7 கிலோவுக்குச் சற்று மேல் என்பதால், 12 கிலோ சொச்சம்தான் வருகிறது. மின்கம்பிகளில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இந்த எண் உயரும். கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரிப்பதைச் சேர்த்தால் பெட்ரோலின் எண்ணும் உயரும். (செய்தியை எழுதியவருக்கு இரண்டாவது நினைவுக்கு வரவில்லை போலும்.)

பேட்டரி தயாரிப்பில் கூடுதல் வாயு வெளியாவது மெய்தான். குறைவாக ஓடும் வண்டிக்கு அந்தக் கடன் தீரப் பல ஆண்டுகள் பிடிக்கும். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும் ஹைப்ரிட் காரோடு (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) ஒப்பிட்டால், இன்றைய மின்சாரத்தைக் கொண்டு, இந்த ஒரு கணக்கில் மின்சார கார் முந்துவதாகச் சொல்ல முடியாது.