சீனாவில் எம்பிபிஎஸ்: "சீன மொழியே வேண்டாம்" என்பது தவறு

"சீனாவில் எம்பிபிஎஸ் முழுக்க ஆங்கிலம், சீனம் ஒரு வார்த்தைகூடத் தெரிய வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். வலி எங்கே, எப்போதிலிருந்து என்று வார்டில் மாணவர்தான் சீனத்தில் கேட்க வேண்டும். அதனால்தான் எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை கட்டாயம். அதை எட்டாதவர்களுக்குப் பட்டம் வழங்கப்படாது என்று பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரையிலேயே இருக்கிறது.

அதற்காக, ஆங்கிலமும் சீனமும் கலந்து நடத்தும் படிப்பில் சேர்ந்துவிடாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. பல லட்சம் கட்டிய பிறகு இது தெரியவரும் குடும்பங்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

தூதரகம், ஆணையம் இரண்டின் இணையதளங்களிலும் சரிபார்க்கலாம். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பிய குரூப்பில் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.