நிலா தேய்வது பூமியின் நிழலால் அல்ல

"பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அது சந்திர கிரகணத்துக்கான விளக்கம், பிறைக்குப் பொருந்தாது.

வளர்பிறை அஷ்டமியன்று சூரியன் மறையும் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள். அரை நிலா ஏறக்குறைய உச்சியில் நிற்கும். பூமியின் நிழலோ எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே, அதாவது அப்போது கிழக்கு அடிவானத்தில் கிடக்கும். இடையே 90 பாகை. அங்கிருந்து எப்படி நிலாவை மறைக்கும்? தவிர, பூமியின் நிழல் வட்டமானது. அரை நிலாவின் இருள் விளிம்போ நேர்கோடு.

நிலாவின் பாதி எந்நேரமும் வெயிலில்தான் இருக்கிறது (கிரகண நேரம் நீங்கலாக). அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பிறை. ஒரு சுற்றுக்குச் சுமார் 29½ நாள்.

வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டறையில் ஒரே ஒரு பல்பு, ஆறடி தள்ளி நீங்கள், நீட்டிய கையில் வெள்ளைப் பந்து. பல்பைப் பார்த்து நின்றால் பந்தின் முகம் இருட்டு: அமாவாசை. இடப்பக்கம் கால் வட்டம் திரும்பினால் வலது பாதி ஒளிரும். பல்புக்கு முதுகு காட்டினால் பௌர்ணமி. பலர் சொதப்புவது இங்கேதான்: பந்தைத் தலைமட்டத்தில் பிடித்தால் உங்கள் தலை நிழல் அதன்மேல் விழும். அதுதான் கிரகணம்! கையைச் சற்று உயர்த்துங்கள், முழு நிலா வந்துவிடும். வானத்திலும் நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லை.