491 விசா ஒரே ஊரில் கட்டிப்போடுவதில்லை

ஆஸ்திரேலியாவின் 491 விசாவில் (திறன் பெற்றவர்கள் வட்டாரப் பகுதியில் வசித்து வேலை பார்க்கத் தரும் தற்காலிக விசா) குடும்பத்தோடு போனால், முதலில் குடியேறும் சிற்றூரிலேயே ஐந்து ஆண்டுகளும் இருந்தாக வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, ஐயா. விசா ஐந்து ஆண்டுகளுக்கானது என்பது சரி. ஆனால் அதோடு வரும் 8579 என்ற நிபந்தனை கேட்பதெல்லாம், வரையறுக்கப்பட்ட வட்டாரப் பகுதிக்குள் வசிக்க, வேலை பார்க்க, படிக்க வேண்டும் என்பதுதான். அந்தப் பகுதியோ மிகப் பெரியது. 2019 நவம்பர் முதல் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் பெருநகரங்கள் நீங்கலாக நாடு முழுவதும் அதில் அடங்கும். பெர்த்தும் அடிலெய்டும் கான்பெராவும்கூட! ஆகவே பிள்ளைகளின் பள்ளிக்காகப் பெண்டிகோவிலிருந்து பல்லாரட்டுக்கு (இரண்டும் விக்டோரியா மாநிலத்து வட்டார ஊர்கள்) வீடு மாற்றினால் இந்த நிபந்தனை குறுக்கே நிற்காது. (விசாவுக்கு உங்களை முன்மொழிந்த மாநிலத்திலேயே இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்த உறுதிமொழி தனி, அதையும் படித்துக்கொள்ளுங்கள்.)

நீங்களே சரிபார்க்கலாம். உங்கள் விசாவின் நிபந்தனைகள், விசா விவரம் பார்க்க உதவும் வீவோ (VEVO) என்ற அரசு இணையச் சேவையில் தெரியும். போக நினைக்கும் ஊரின் அஞ்சல் குறியீடு வட்டாரப் பகுதிகளின் பட்டியலில் உள்ளதா என்று ஆஸ்திரேலிய உள்துறையின் தளத்தில் தேடுங்கள். குறியீட்டையே நம்புங்கள், பெருநகரின் விளிம்பில் ஊர்ப் பெயர் ஏமாற்றிவிடும்.