101 காய்ச்சலும் 11 மணி செக்-அவுட்டும்

"சிங்கப்பூரை ஒரு நாளைக்கு 50 வெள்ளியில் சுற்றலாம்" என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற புண்ணியவான்களிடம் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) ஒரே ஒரு கேள்வி. அந்தக் கணக்கில் காய்ச்சல் எந்த வரியில் வருகிறது?

படுக்கைக்கு 30, சாப்பாட்டுக்கு 12, ரயில், பஸ்ஸுக்கு 6, மிச்சம் 2 வெள்ளிக்கு ரொட்டிக்குள் வைத்த ஐஸ்கிரீம். கச்சிதம்! மொத்தக் கணக்கும் காலையில் எழுந்து ராத்திரி வரை நடக்கிற ஒருத்தனை நம்பித்தான் நிற்கிறது. அவன் படுத்தால் கணக்கும் கூடவே படுத்துவிடும். இந்த ஊரில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் நடமாடுகிறவனுக்குத்தான். உணவங்காடியில், அதாவது சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் கூடியிருக்கிற பொது இடத்தில், 4, 5 வெள்ளிக்குக் கஞ்சி கிடைக்கும், உண்மைதான். ஆனால் மாடி இறங்கி, வெயிலில் நடந்து, வரிசையில் நின்று, தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டும். முகம் துடைக்கக் காகிதம்கூட அங்கே வைத்திருக்க மாட்டார்கள், டிஷ்யூ பொட்டலம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். குடித்து முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021-இலிருந்து அது சட்டம். முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி. தலை சுற்றுகிறது என்று மேசையிலேயே விட்டுவிட்டு வர முடியாது. சரி, படுத்த இடத்துக்கே வரவழைக்கலாம் என்றால், கஞ்சியின் விலைக்குச் சமமாகக் கொண்டுவரும் கூலி ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வயிறு எரிவது சாப்பாட்டை நினைத்து இல்லை, படுக்கையை நினைத்து. லிட்டில் இந்தியா, லவெண்டர், கம்போங் கிளாம், சைனாடவுன் பக்கம் இருக்கிற ஹாஸ்டல், அதாவது பல பேர் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுக்கிற பயணிகள் விடுதி, எதை எடுத்துக்கொண்டாலும் விதி கிட்டத்தட்ட ஒன்றுதான்: காலை 11 அல்லது 12-க்குள் காலி செய்ய வேண்டும், அடுத்த படுக்கை மதியம் 2, 3 மணிக்குத்தான். உடம்பு நன்றாக இருந்தால் அந்த இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் கண்ணிலேயே படாது. 101 காய்ச்சலில் அதுதான் நரகம். பையை வரவேற்பறையில் போட்டுவிட்டு 32 டிகிரி புழுக்கத்தில் எங்கே போய் உட்காருவது? இன்னொரு ராத்திரி நீட்டிக்கலாம் என்று கேட்டால், உங்கள் படுக்கை நேற்று ராத்திரியே ஆன்லைனில் வேறு யாருக்கோ போயிருக்கும். "வேறு அறையில் மேல் தட்டு இருக்கிறது, சனிக்கிழமை விலை" என்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் ஃபார்முலா ஒன் பந்தய வாரம் என்றால் அந்த விலையைப் பார்த்தே காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறும்.

அந்த மேல் தட்டு இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். உருண்டைக் கம்பியால் ஆன ஏணி, வெறுங்காலில் ஏறினால் உள்ளங்காலை அறுக்கும். ஏறிப் படுத்தால் ஏசியின் வாய் முகத்துக்கு நேரே, ஒன்றரை முழத்தில். போர்வை என்ற பெயரில் ஒரு துணி. ராத்திரியில் நாலு தடவை கக்கூசுக்கு இறங்க வேண்டியவனுக்கு இதைக் கொடுக்கிறார்கள். கீழ்த் தட்டு காலியாகத்தான் இருக்கும், ஆனால் "சிஸ்டத்தில் அது வேறு வகைப் படுக்கை"யாம்!

அதனால் தொண்டையில் முதல் கீறல் தெரிகிற அன்று சாயங்காலமே வேலையை முடியுங்கள். கவுண்டருக்குப் போய் இன்னும் இரண்டு ராத்திரிக்கு அதே படுக்கையைப் பணம் கட்டிப் பிடித்துவிட வேண்டும். ஏசிக்கு எதிர்ப்பக்கம் கீழ்த் தட்டு கேளுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தூங்கினால் போச்சு. பேதியோ விடாத இருமலோ என்றால் 12 பேர் படுக்கிற அறை கூடவே கூடாது, மற்ற 11 பேரும் மனிதர்கள்தான். கேலாங், லிட்டில் இந்தியா பக்கம் சின்னத் தனி அறைக்கு 100 வெள்ளியை ஒட்டி ஆகும். அதை அழுதுகொண்டே கட்டத்தான் வேண்டும். யாராவது வீட்டில் இரண்டு நாள் வாடகைக்கு அறை கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அங்கே தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்கும், வீவக வீட்டை (அரசாங்க அடுக்குமாடி வீடு) 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விட முடியும். அதற்குக் கீழே எல்லாம் சட்டவிரோதம்.

மருந்துக்கு வருவோம். நம் ஆட்களின் பையைத் திறந்தால் முதலில் காம்பிஃபிளாம்தான் வெளியே விழும். அதில் இருப்பது பாராசிட்டமாலோடு சேர்ந்த 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென். சிங்கப்பூர் டெங்கு உள்ள ஊர். பளபளப்பைப் பார்த்துவிட்டுக் கொசுவே இருக்காது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். டெங்குவா இல்லையா என்று தெரியாத காய்ச்சலில் இபுப்ரோஃபென்னும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவை மோசமாக்கும். வெறும் பாராசிட்டமால்தான் எடுக்க வேண்டும். கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் டெங்கு தலைகாட்டும் என்பதால், வந்து இறங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் என்றால் கடித்த கொசு பாங்காக்கிலோ கோலாலம்பூரிலோ சென்னையிலோதான். டாக்டரிடம் முந்தைய ஊர்களையும் தேதியோடு சொல்லுங்கள். டெங்குவைக் கண்டுபிடிக்கிற என்எஸ்1 ரத்தப் பரிசோதனை முதல் 5 நாளுக்குள் செய்தால்தான் உருப்படியாகச் சொல்லும். இன்னொன்று: 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கியதும் "விட்டுவிட்டது" என்று பையைத் தூக்காதீர்கள். டெங்குவில் ஆபத்தான நேரமே அதுதான். வயிற்றில் கடும் வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், இதில் எது தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு.

பாராசிட்டமாலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுபோன டோலோ 650 ஒன்றைப் போட்டுவிட்டு, மூக்கு ஒழுகுகிறதே என்று அங்கே வாங்கிய சளிக்கான பனடால் இரண்டையும் போடுவார்கள். அந்த மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. ஒரு வேளைக்கு 1,650, மூன்று வேளைக்கு 4,950. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பே 4,000. சாப்பிடாமல் கிடக்கிற உடம்பில் ஈரல் எவ்வளவு தாங்கும்? அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க அரை நிமிடம் ஆகாது. ஹாஸ்டல்காரர்கள் கொடுக்கிற தெர்மாமீட்டர் செல்சியஸில் காட்டும், 38.5 என்றால் நம் கணக்கில் 101.3. "38 தானே" என்று சிரித்துவிட்டுப் போய் மெரினா பே நடைபாதையில் சுருண்டுவிடாதீர்கள்.

தண்ணீரில் மட்டும் அந்த ஊரைக் கும்பிட வேண்டும், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆறு, ஊரிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், எடை ஒன்றுமில்லை. 21 கிராம் அளவுள்ள பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு. அரை லிட்டர் பாட்டிலில் முழுசாகக் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகி வாந்திதான் கூடும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டருக்குச் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி. ஆனால் அந்தப் பாட்டிலை ரயிலில் திறக்காதீர்கள். பெருவிரைவு ரயிலில் (எம்ஆர்டி) சாப்பிடுவதும் குடிப்பதும் குற்றம், 500 வெள்ளி வரை அபராதம். வெறும் தண்ணீருக்கும் அதே கதைதான். மாத்திரையை ஏறுவதற்கு முன்னாலேயே, நிலையத்துக்கு வெளியே போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல்காரனுக்கு ஒரு வாய் தண்ணீர் கிடையாது என்கிற விதியை எழுதியவர் என்றைக்காவது நாக்கு வறண்டு ரயிலில் நின்றிருப்பாரா?

டாக்டர் விஷயத்தில்தான் பணம் கண்மண் தெரியாமல் போகும். லேசான காய்ச்சலுக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடாதீர்கள், உள்ளே நுழைந்தாலே 100 வெள்ளிக்கு மேல், உட்கார வைப்பதும் மணிக்கணக்கில். பலதுறை மருந்தகத்தின் (அரசாங்க பாலிகிளினிக்) மலிவு விலை மானியம் பெறுகிற உள்ளூர்க்காரர்களுக்கானது, நமக்கில்லை. தெருமுனை கிளினிக்தான் சரி. ஆனால் பல கிளினிக்குகள் மதியம் இரண்டு மணி நேரம் மூடும், ஞாயிற்றுக்கிழமை கதவே திறக்காது. மருந்துக் கடைகளில் மருந்தாளுநர் கிளம்பிவிட்டால் அவர் கையால் கொடுக்க வேண்டிய மருந்துகளும் கிடையாது. நள்ளிரவு தாண்டினால் ரயிலும் இல்லை, டாக்ஸியில் காலை 6 வரை 50 விழுக்காடு கூடுதல். மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் அவசர ஆம்புலன்ஸ் எண் 995-ஐ யோசிக்காமல் அழையுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு அழைத்தால் 274 வெள்ளி பில் வரும், அவசரமில்லாத ஆம்புலன்ஸுக்கு 1777 என்று தனி எண் இருக்கிறது, அதுவும் இலவசமில்லை.

கிளினிக்கில் டாக்டர் பெரும்பாலும் சீட்டு எழுதித் தர மாட்டார், மருந்தும் அங்கேயேதான். கவுண்டரில் பெயர் கூப்பிட்டால் ஒரு பை நிறைய நீட்டுவார்கள்: பாராசிட்டமால், அலர்ஜி மாத்திரை, இருமல் மருந்து, தொண்டைக்குச் சப்புகிற மாத்திரை, வைட்டமின். பார்க்கிற கட்டணமே 30, 40 வெள்ளி, பையோடு சேர்த்து 80-ஐத் தொடும், அதற்கு மேல் பல இடங்களில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. கூச்சப்படாதீர்கள். "பாராசிட்டமால் என்னிடம் இருக்கிறது, வைட்டமின் வேண்டாம்" என்று டாக்டர் அறையிலேயே சொன்னால் எடுத்துவிடுவார்கள். பில் அடித்தபிறகு சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

காப்பீடு இருக்கிறதே என்று தெம்பாக இருக்கிறீர்களா? பாலிசியில் "டிடக்டபிள்" என்ற வார்த்தையைத் தேடிப் பாருங்கள். ஊரில் வாங்குகிற பல பயணப் பாலிசிகளில் மருத்துவச் செலவின் முதல் 100 அமெரிக்க டாலர் நம் தலையில்தான். கிளினிக் பில் 80 சிங்கப்பூர் வெள்ளி என்றால் கம்பெனி தருவது சுழியம். அதாவது பேக்பேக்கருக்கு அதிகமாக வருகிற காய்ச்சல், பேதி, தொண்டைவலி எதற்குமே அந்தப் பாலிசி வாயைத் திறக்காது! டிடக்டபிள் இல்லாததாகவோ குறைவானதாகவோ கேட்டு வாங்குங்கள், பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் சரி. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றால் முன்பணம் கேட்பார்கள், அதற்கு முன்பே கம்பெனியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்துவிடுங்கள். நோயின் பெயர் எழுதிய டாக்டர் குறிப்பும், மருந்துவாரியாகப் பிரித்த பில்லும் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்ட துண்டுச்சீட்டை ஊரில் ஏற்க மாட்டார்கள். கவுண்டரை விட்டு நகர்வதற்குள் அந்த ரசீதை போட்டோ எடுத்துவிடுங்கள், அது வழவழ வெப்பத்தாள். ஈரப் பைக்குள் மடித்து வைத்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் எழுத்தெல்லாம் வெளுத்து வெள்ளைத் தாளாகியிருக்கும்.