சித்திரம் கீறுவோருக்கு நீடித்து உழைக்கும் கிளச் பென்சில்

சித்திரம் படிக்கும் பிள்ளைக்கு, பின்பக்கத்தை அழுத்தினால் லெட் என்னும் கரிக்குச்சி வெளியே வரும் கிளச் பென்சிலை வாங்கப் போகும் பெற்றோர் பலர், கையில் எடுத்தவுடன் பாரமாக இருப்பதுதான் உறுதியானது என்று எண்ணி, கூடிய விலை கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, பென்சிலின் ஆயுள் அதன் உள்ளே லெட்டைப் பிடித்திருக்கும் கவ்வியிலும், நுனியில் நீண்டிருக்கும் மெல்லிய உலோகக் குழாயிலுமே தங்கியிருக்கிறது.

பின்பக்கத்தை அழுத்தும்போது, மூன்று பல்லாகப் பிளந்த அந்தக் கவ்வி முன்னே நகர்ந்து, தன்னைச் சுற்றியுள்ள வளையத்தை விட்டு வெளியே வந்து விரிகிறது. விரலை எடுத்ததும் பின்வாங்கி, வளையத்துக்குள் இறுகி, லெட்டைப் பற்றிக்கொள்கிறது. இது பித்தளையாலானது என்றால் பல வருடம் உழைக்கும். பிளாஸ்ரிக் என்றால் பற்கள் விரைவில் தேய்ந்து, நிழல் போடும்போது சற்று அழுத்தினாலே லெட் உள்ளே வழுக்கிப் போய்விடும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். லெட்டைச் சிறிது வெளியே எடுத்து, கடதாசியில் செங்குத்தாக நிறுத்தி மெல்ல அழுத்துங்கள். அது உள்வாங்கினால் அந்தப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜப்பானின் பென்ரெல் பி205 பிளாஸ்ரிக் உடல் கொண்டது, பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. ஆனால் உள்ளே பித்தளைக் கவ்வி இருப்பதால் அதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஜேர்மனியப் பெயரான றொட்றிங் 600 முழுவதும் பித்தளை உடல். அறுகோண வடிவம் என்பதால் மேசையில் உருளாது. பிடிக்கும் இடம் சொரசொரப்பாக வெட்டப்பட்டிருப்பதால், சித்திரை வெயிலில் வியர்த்த கையிலும் வழுக்காது. எனினும் அதன் பாரம் பி205இன் இருமடங்குக்கும் கூட. சீமெந்துத் தரையில் நுனி கீழாக விழுந்தால், அந்தப் பாரமே ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீளமான குழாயை வளைத்துவிடும். வளைந்த குழாயை நிமிர்த்தினாலும் பழைய நிலைக்கு வருவதில்லை, லெட் ஓயாமல் முறிந்துகொண்டே இருக்கும். ஆகவே சைக்கிளிலும் பஸ்ஸிலும் பையில் போட்டுக்கொண்டு திரிபவர்கள், நுனியை உள்ளே இழுத்துக்கொள்ளும் பென்ரெல் கிராஃப்கியர் 1000 அல்லது றொட்றிங் 800 போன்றவற்றைத் தேடுவது நல்லது.

2008இல் வந்த யூனி குரு டோகாவையும் பலர் விரும்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் நுனியைத் தூக்கி வைக்கும்போது லெட்டைச் சிறிது சுழற்றும் அமைப்பு அது; எழுதுவதற்கு அருமையானது. கையை எடுக்காமல் நீண்ட கோடு இழுப்பவருக்கு அதனால் கிடைக்கும் பயன் குறைவு.

நல்லூர்க் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களையோ, அங்குள்ள பழைய மாளிகையான மந்திரிமனையின் மரச் செதுக்கல்களையோ கீறுவதற்கு 0.5 மில்லிமீற்றர் லெட் போதும். 0.3 இன்னும் நுணுக்கமானதுதான், ஆனால் சொரசொரப்பான சித்திரக் கடதாசியில் இலகுவில் முறியும். யாழ்ப்பாணக் கோட்டை மதிலின் முருகைக்கற்களில் உள்ள துளைகளையும், அவற்றினுள் தங்கும் இருளையும் கொண்டுவர வேண்டுமென்றால், 2 மில்லிமீற்றர் லெட் போடும் பென்சிலுக்கு நிகரில்லை. ஸ்ரெட்லர் மார்ஸ் டெக்னிக்கோ, செக் நாட்டுக் கோஹினூர் இரண்டும் இந்த வகையில் பெயர் பெற்றவை. தடித்த லெட் என்பதால், நுனியில் வளைந்து போகக்கூடிய மெல்லிய குழாய் இவற்றுக்குத் தேவையில்லை. கூராக்கிப் பிடித்தால் மெல்லிய கோடு வரும், சரித்துப் பிடித்தால் அகலமான நிழல் விழும். பின்பக்கத்தை அழுத்தினால் லெட் முழுவதும் நழுவி விழுந்துவிடும் என்பதால், நுனியைக் கடதாசியில் வைத்துக்கொண்டே அழுத்தப் பழக வேண்டும்.

லெட்டின் தரத்திலும் கவனம் வேண்டும். நடுத்தரக் கருமை கொண்ட எச்பி லெட்டை அழுத்தி அழுத்திக் கருமையாக்க முனைவதுதான் கவ்வியைக் கெடுக்கும் முதற் காரணம். கருமை வேண்டுமென்றால் 2பி அல்லது 4பி போடுங்கள், பென்சிலும் கடதாசியும் இரண்டுமே பிழைக்கும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சித்திரப் பாடம் எடுக்கும் பிள்ளைக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் தெரிவு 2 மில்லிமீற்றர் பென்சிலும் ஒரு பெட்டி 2பி லெட்டும்தான்.