ஒரு குறளுக்கு எதற்குக் கடலை மிட்டாய் என்று கேட்டவர்களுக்கு

என் மகன் பள்ளிக்கூட பிரேயரில் தனியாக ஒரு குறள் சொன்னான், அதற்காக அவன் வகுப்பு முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தேன் என்று இங்கே எழுதியிருந்தேன். பிறகு இரண்டு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். அதற்கு வந்த கமெண்ட்டையும் அதன் கீழே விழுந்த சிரிப்புக் குறிகளையும் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பியவர்களும் உண்டு. "ஒரு குறளுக்கு வகுப்பு முழுக்க மிட்டாயா? எங்க வீட்டுப் பாப்பா 1330-ம் சொல்றா, அப்ப நாங்க ஊரையே கூட்டணும் போலிருக்கே."

அண்ணே, 1330 குறளையும் ஒரு பிள்ளை சொல்வது பெரிய காரியம். அப்படி முழுவதையும் ஒப்பிக்கும் முற்றோதலுக்கு அரசாங்கமே 15,000 ரூபாயும் சான்றிதழும் கொடுத்துப் பாராட்டுகிறது. ஊரைக் கூட்டுங்கள், நானும் வந்து கை தட்டுகிறேன். அது அவள் தொட்டது. இது என் மகன் தொட்டது. இரண்டையும் எதற்காக ஒரே தராசில் ஏற்றுகிறீர்கள்?

அவனுக்குப் பேச்சு திக்கும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். 'க'-வில் தொடங்கும் சொல் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கண்ணை இறுக்கி மூடுவான், கழுத்து நரம்பு புடைக்கும். ஆறாம் வகுப்பு சேர்ந்த ஜூன் மாதம் அவனே ஒரு நோட்டில் எழுதினான்: "அரையாண்டுக்குள்ள பிரேயர்ல தனியா ஒரு குறள்." உயிரெழுத்தில் தொடங்குவது அவனுக்குக் கொஞ்சம் சுலபம் என்பதால் "அகர முதல" எடுத்துக்கோடா என்றேன். கேட்கவில்லை. "கற்க கசடறக் கற்பவை கற்றபின்" என்று முதலடியின் நாலு சீரும் 'க'-வாக இருக்கிற குறளையே பிடித்துக்கொண்டான். ஏன்டா என்றால், "அதனாலதாம்மா" என்றான்.

நான் வைத்த இலக்கு இல்லை. டீச்சர் வைத்ததும் இல்லை. அவன் வைத்தது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முதல் வாரம் முழுக்க "கற்க" மட்டும்தான். முதலில் சுவரைப் பார்த்து, பிறகு ஆட்டுக்குட்டியிடம், பிறகு ஆச்சியிடம், அப்புறம் மொட்டை மாடியில் மூன்று கூட்டாளிகள் முன்னால். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறான். "கசடற. ஆச்சி முன்னாடி. ரெண்டு தடவை நின்னுச்சு." அந்த நோட்டைப் படித்தவர்கள் யாரும் மிட்டாய் எதற்கு என்று கேட்கமாட்டார்கள்.

"சரி, திக்காமல் சொன்னானா?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார். இல்லை. "கற்பவை"யில் இரண்டு முறை நின்றது. மொத்தப் பள்ளிக்கூடமும் காத்திருந்தது, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனே மீண்டு வந்து "தக" என்று முடித்தான். நோட்டில் "திக்காமல்" என்று அவன் எழுதவே இல்லை. "தனியா" என்றுதான் எழுதியிருந்தான்.

எல்லாவற்றுக்கும் கை தட்டினால் பிள்ளை கெட்டுப்போகும் என்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் நான் தட்டவில்லை. 1998-ல் கிளாடியா ம்யூலர், கேரல் டுவெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகளில் பலர் அடுத்து எளிதானதையே தேர்ந்தெடுத்தார்கள், தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். உழைப்பைப் பாராட்டியபோதோ பெரும்பாலானவர்கள் கடினமானதைக் கேட்டு வாங்கினார்கள். நானும் ஒருகாலத்தில் "எம்புள்ள கெட்டிக்காரன்" என்று ஓயாமல் சொன்னவள்தான். அந்தப் பெயர் போய்விடும் என்று பயந்து, தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் அவன் வாயை மூடிக்கொண்டது பிறகுதான் புரிந்தது. இப்போது அவன் செய்ததைத்தான் சொல்கிறேன்: "நின்ன இடத்துலேருந்து நீயே மறுபடி ஆரம்பிச்சியே." அவ்வளவுதான்.

உலகமே போட்டிதான் என்கிறவர்களுக்கு, இருக்கட்டும். 1996-ல் நான் எட்டாம் வகுப்பு. மாவட்ட அளவில் 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். கோப்பையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டது, "முதல்ல வந்தது யாரு?" அப்பா கெட்டவர் இல்லை, என்னைப் படிக்க வைத்தவர். ஆனால் அந்தக் கோப்பையில் அம்மா ஊசி நூல் போட்டு வைத்தாள். அதற்குப் பிறகு நான் ஓடவில்லை. இரண்டாவதாக வருவதற்கு நான் எத்தனை நாள் விடியற்காலையில் கண்மாய்க்கரையில் ஓடினேன் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

பிள்ளை விஷயத்தை ஏன் பொதுவில் போட்டீர்கள் என்று ஒரு தோழி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. போடட்டுமா என்று அவனிடம் கேட்டுத்தான் போட்டேன். யாராவது சிரித்தால் தாங்குவாயா என்று கேட்கவில்லை. புதன்கிழமை என் போனை எடுத்துப் படித்துவிட்டான். "அம்மா, ஒரு குறள் கம்மியாம்மா?" என்றான். அந்தக் கேள்வியோடுதான் இரண்டு நாளாக இருக்கிறேன்.

கல்யாண வீட்டில் அவன் வாயைத் திறக்கும் முன்பே சொல்லை முடித்துக் கொடுக்கிறவர்கள், நாக்கில் வசம்பு தடவு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், "மெதுவாப் பேசுடா" என்று தலையில் தட்டுகிறவர்கள் எல்லாரும் அவன் மேல் அன்பு உள்ளவர்கள்தான். கடையில் அவனை முந்திக்கொண்டு "அவனுக்கு அந்த பிஸ்கட் குடுங்க" என்று எத்தனையோ வருஷம் சொன்னவள் நானும்தான். அவன் பேச வேண்டிய சொற்களை நாங்கள் எல்லாரும் சேர்ந்து பிடுங்கியிருக்கிறோம். இப்போது அவனாக ஏழு சீரைத் திரும்ப வாங்கியிருக்கிறான். அதற்கு மிட்டாய் கொடுத்தேன். அடுத்த முறையும் கொடுப்பேன்.

நோட்டில் அடுத்த வரி வந்துவிட்டது. பொங்கல் லீவுக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறி சித்தி வீட்டுக்குப் போகும்போது, கண்டக்டரிடம் அவனே டிக்கெட் கேட்கப் போகிறானாம். "கழுகுமலை, ஒரு முழுசு, ஒரு அரை." மறுபடியும் 'க'. அந்த பஸ்ஸில் நீங்கள் யாராவது இருந்தால், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அவனுக்காக ஊர்ப்பெயரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.