விமானத்தில் நாய்க்குத் தூக்க மாத்திரை: ஒரு திருத்தம்

"கிளம்பும்முன் தூக்க மாத்திரை ஒன்று கொடுத்துவிடுங்கள், இறங்கும்வரை நாய் நிம்மதியாகத் தூங்கும்" என்று நாயை விமானத்தில் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் ஆபத்தான யோசனை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமே விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து வேண்டாம் என்றுதான் பொதுவாக அறிவுறுத்துகிறது.

வீட்டில் தூங்குவதும் பறக்கும்போது தூங்குவதும் ஒன்றல்ல. மேலே போனதும் விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோலக் குறையலாம். இந்த மருந்துகளில் பல இரத்த அழுத்தத்தை இறக்கும், உடல் தன் சூட்டைச் சரிசெய்துகொள்வதையும் கெடுக்கும். விமானம் குலுங்கும்போது தெளிவாக இருக்கும் நாய் காலை அகட்டி ஊன்றிக்கொள்ளும். மயக்கத்தில் இருப்பது கூண்டுச் சுவரில் போய் மோதும். பக், புல்டாக், பாரசீகப் பூனை மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்குச் சாதாரணமாகவே மூச்சு இழுபறிதான். சரக்கு அறையில் மூச்சு திணறினால் பார்க்க ஆளும் கிடையாது. அதனாலேயே மருந்து கொடுத்த விலங்கைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

பதற்றம் மிக அதிகம் என்றால் மருத்துவர் வேறு மருந்து எழுதித் தரலாம். அதையும் முன்கூட்டியே ஒருநாள் வீட்டில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

உண்மையில் கைகொடுப்பது கூண்டுப் பழக்கம். சில வாரங்களுக்கு முன்பே கூண்டைக் கதவு திறந்தபடி வீட்டில் போட்டு, சாப்பாட்டை உள்ளே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகு கதவைச் சாத்திப் பழக்கலாம். அப்புறம், தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே உறையவைத்து மாட்டுங்கள். ஏற்றும்போது கொட்டாது, போகப்போக உருகும்.